பத்துப் பேர் இருந்தால்தான் தமிழா?



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பிள்ளைகள் புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்க்கிறார்கள். கேரளத்து ஆசிரியர்கள் நாட்காட்டியைப் பார்க்கிறார்கள். பள்ளி திறந்து ஆறாவது வேலை நாள் என்றைக்கு வருகிறது என்பதே அவர்களுடைய கவலை. அன்றைய தினம் பதிவேட்டில் உள்ள பிள்ளைகளை எண்ணித்தான், அந்த ஆண்டில் ஒரு பள்ளிக்கு எத்தனை பிரிவுகள், எத்தனை ஆசிரியர்கள் என்று கல்வித் துறை முடிவு கட்டுகிறது. பணியிட நிர்ணயம் என்பது அதன் பெயர். எண் நிறைந்தால் வேலை நிலைக்கும். எண் குறைந்தால் ஆசிரியர் 'உபரி' ஆகிவிடுவார். நெல்லும் சர்க்கரையும் உபரியாகக் கேட்டிருக்கிறோம். நேற்றுவரை அரிச்சுவடி கற்பித்த ஒருவர் இன்று உபரி என்று ஒரு தாளில் எழுதப்படுவதைக் கேட்டால் நெஞ்சு பொறுக்கிறதா?

நம் சங்கத்து இதழில் இலக்கியக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அவற்றை எழுதும் ஆற்றல் எனக்கு இல்லை. நான் பௌதிகம் பயில்பவன். என் ஊர் உதியன்குளங்கரை. நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குப் போகும் நெடுஞ்சாலையில் அமரவிளையைத் தாண்டினால் வரும் ஊர். பெயரைக் கேட்டதும் உதியஞ்சேரலை நினைத்துக்கொள்ளும் நண்பர்களை நான் தடுக்கவில்லை. பெயரின் வரலாறு அவர்கள் பாடு. அந்த வட்டாரத்தில் இன்று தமிழ் படிக்கும் பிள்ளைகளின் கணக்கு என் பாடு. அந்தக் கணக்கைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

நான் அங்கே பிறந்தவன் அல்லன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து, ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதும் வேலைக்காக என் தந்தையார் குடும்பத்தோடு அங்கே வந்தபோது எனக்கு வயது ஆறு. எங்களைப் போல் பிழைப்புக்காக வந்தவர்கள் ஒரு சாரார். வராமலேயே அயலாராகிவிட்டவர்கள் மற்றொரு சாரார். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்திலேயே நின்றன. அந்தப் பழைய வழக்கை நான் மீண்டும் எழுப்பவில்லை. எல்லைக் கோடு போட்டாயிற்று. இரு பக்கத்தாரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒரே சந்தையில் மரச்சீனி வாங்கி, ஒற்றுமையாகத்தான் வாழ்கிறார்கள். ஆனால் கோடு போட்டபோது கோட்டுக்கு அப்பால் நின்றுவிட்ட பிள்ளைகளுக்கு ஒரு வாக்குறுதி தரப்பட்டது. அதைத்தான் கேட்கிறேன்.

அந்த வாக்குறுதி அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவில் இருக்கிறது. 1956இல் ஏழாவது திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்டது அது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்துகொடுக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. அதற்கும் முன்னதாக 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு அளவு வகுத்தார்கள். ஒரு பள்ளி முழுவதிலும் 40 பேர், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தால், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியராவது அமர்த்தப்பட வேண்டும் என்பது அந்த அளவு. பின்னர் அகில இந்திய அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட பாதுகாப்புகளிலும் இதுவே நின்றது.

இந்தப் பத்து என்ற எண் நல்லெண்ணத்தோடு பிறந்தது என்பதில் ஐயமில்லை. பத்துப் பேர் இருந்தால் அரசு மறுக்கக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது. பெரும்பான்மையின் கையில் அகப்பட்ட சிறுபான்மைக்கு அது ஒரு கேடயம். ஆனால் நாளடைவில் என்ன ஆயிற்று? பத்துப் பேர் இருந்தால் கொடு என்பது, பத்துப் பேர் இல்லாவிட்டால் எடு என்று படிக்கப்படலாயிற்று. கேடயமே கத்தியாகிவிட்டது!

கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டா. இது ஒரு பள்ளியின் குற்றம் அன்று. என் தம்பி படித்த தமிழ்ப் பிரிவில் ஓர் ஆண்டு ஆறாவது வேலை நாளில் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். இன்னும் மூவர் களியக்காவிளைக்கு அப்பால் ஒரு உறவினர் திருமணத்துக்குப் போயிருந்தார்கள். பத்தாம் நாள் வந்து சேர்ந்தார்கள். ஆனால் கணக்கு முடிந்துவிட்டது. தமிழ்ப் பிரிவு போயிற்று. அந்த ஆசிரியை விடைபெற வந்தபோது என் தாயாரிடம் சொன்ன சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. "எனக்குச் சம்பளம் நிக்காது அக்கா, அந்தக் கவலை இல்லை. ஆனா நான் போற பள்ளிக்கூடத்துல ஒரு தமிழ்ப் பிள்ளை கிடையாது. அங்க போய் நான் என்ன செய்யப் போறேன்?"

அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளில் ஐவர் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். ஒருவன் நாள்தோறும் பேருந்தில் எல்லை கடந்து தமிழ்நாட்டுப் பள்ளிக்குப் போனான். மற்றவர்கள் அதே பள்ளியில் மலையாளப் பிரிவில் அமர்ந்தார்கள். மறு ஆண்டு தமிழ்ப் பிரிவில் சேர ஒருவரும் வரவில்லை. ஆசிரியர் இல்லாத பிரிவில் எந்தத் தாய் தன் பிள்ளையைச் சேர்ப்பாள்? ஒருவரும் வரவில்லை என்பதையே காட்டி, இவ்வூரில் தமிழுக்குத் தேவை இல்லை என்று எழுதிக்கொள்வதும் எளிதாயிற்று.

இங்கேதான் நான் பயிலும் கல்வி எனக்கு உதவுகிறது. ஆய்வுக்கூடத்தில் கதிரியக்கத் துகள்களை எண்ணியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். நிமிடத்துக்குச் சராசரியாக 12 துகள் விழுகின்ற இடத்தில் ஒரு நிமிடம் 15 விழும், மறு நிமிடம் 8 விழும். மூலப்பொருளில் எந்த மாறுதலும் இல்லை. எண் மட்டும் ஆடும். எண் சிறியதாக இருந்தால் ஆட்டம் பெரியதாக இருக்கும். பாய்சான் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் பெயரால் வழங்கும் கணக்கு இது.

அந்தக் கணக்கைப் பள்ளிக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஊரில் ஆண்டுதோறும் சராசரியாக 12 பிள்ளைகள் தமிழ் வகுப்பில் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊர் தேயவில்லை, தமிழ்ப் பற்றும் குறையவில்லை. ஆயினும் தற்செயலாகவே ஒரு குறிப்பிட்ட ஆண்டில் எண்ணிக்கை பத்துக்குக் கீழே போவதற்கான வாய்ப்பு 100க்கு 24. நான்கில் ஒன்று! ஓராண்டின் ஏற்றத்தாழ்வு மறு ஆண்டைத் தொடாது என்று கொண்டால், ஐந்து ஆண்டுகளில் ஒரு முறையேனும் கீழே போவதற்கான வாய்ப்பு 100க்கு 75. இதே விகிதத்தில் 120 பேர் சேரும் பெரிய பள்ளிக்கு 100 என்று வரம்பு வைத்தால், ஓர் ஆண்டில் அது வரம்புக்குக் கீழே போகும் வாய்ப்பு 100க்கு மூன்றுதான். ஒரே விதி, பெரியவனுக்கு அது வேலி, சிறியவனுக்கு அது பொறி. சிறுபான்மை என்றாலே சிறிய எண் என்றுதானே பொருள்? ஆகையால் இந்த விதி யாரை நோக்கி எழுதப்பட்டதோ அவர்களையே முதலில் வீழ்த்துகிறது.

இன்னொரு கேடும் உண்டு. பிரிவு ஒரு முறை மூடினால் மறுபடி திறப்பதில்லை. கீழே இறங்க ஒரு படி. மேலே ஏற ஏணியே இல்லை. எண்ணிக்கை குறைந்ததால் ஆசிரியர் போகிறார். ஆசிரியர் போனதால் எண்ணிக்கை அற்றுப்போகிறது. எது காரணம், எது காரியம் என்று பிரிக்க முடியாதபடி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் விழுகின்றன.

"ஒன்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரா? அரசுக் கருவூலம் என்ன, கற்பக விருட்சமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்கக் கூடாது. கேரளத்தில் பிறப்பு குறைந்துவிட்டது. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை, தமிழ்நாட்டிலும் அதே அளவுதான். பிள்ளைகள் குறையும்போது வகுப்புகளும் குறையத்தான் செய்யும். 2016-17ஆம் ஆண்டின் கணக்குப்படி இந்தியாவில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 100க்கு 28 பள்ளிகளில் 30க்கும் குறைவான பிள்ளைகளே இருந்தார்கள் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே கூறுகிறது. இது ஓர் ஊர்க் கதை அன்று, நாட்டுக் கதை.

ஆனால் செலவு என்று பேசுகிறவர்கள் செலவைச் சரியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? கேரளத்துப் பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவை தனியார் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள். அவற்றின் ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாகச் சம்பளம் தருகிறது. பிரிவு போய் வேலை இழக்கும் உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களைத் தெருவில் விடாமல், 'பாதுகாக்கப்பட்ட ஆசிரியர்' என்று பெயரிட்டு வேறு பள்ளிகளுக்கு அனுப்பும் ஏற்பாடு அங்கே உண்டு. அரசுப் பள்ளி ஆசிரியரோ மாற்றப்படுவார். இது சங்கங்கள் போராடிப் பெற்ற நன்மை; பாராட்டத்தக்கது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். மலையாள ஆசிரியர் ஒருவர் உபரியானால், அடுத்த ஊர்ப் பள்ளியில் அவர் பாடம் நடத்துவார். அரசுக்குப் பயன் உண்டு. தமிழ் ஆசிரியர் உபரியானால், தமிழ்ப் பிள்ளையே இல்லாத பள்ளியில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சம்பளம் அதே சம்பளம். கருவூலத்துக்கு மிச்சம் என்ன? ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு மிச்சம் என்ன? அதுவும் ஒன்றுமில்லை. வேலை காப்பாற்றப்பட்டது, வேலையின் பொருள் போய்விட்டது.

ஆசிரியர் சங்கங்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். அவர்களுடைய வரலாறு எளிய வரலாறு அன்று. 1817இலேயே திருவிதாங்கூரில் ராணி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஆயினும் தனியார் பள்ளி ஆசிரியர் மேலாளரின் தயவில் வாழும் நிலை நெடுங்காலம் மாறவில்லை. 1957இல் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, ஆசிரியருக்கு அரசே நேரடியாகச் சம்பளம் தர வழி செய்தது. அது 1958இல் உச்சநீதிமன்றத்தின் கருத்துக்குச் சென்று, திருத்தப்பட்டு, 1959இல் நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டி எழுந்த கிளர்ச்சியின் முடிவில் அதே ஆண்டு ஜூலையில் மாநில அமைச்சரவையே நீக்கப்பட்டதும் நீங்கள் அறிந்ததே. ஓர் ஆசிரியரின் சம்பளச் சீட்டுக்குப் பின்னால் ஓர் ஆட்சியின் வீழ்ச்சியே இருக்கிறது.

பிற்காலத்திலும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2002இல் கேரளத்தில் சிக்கனம் என்ற பெயரால் சலுகைகள் வெட்டப்பட்டபோது அரசு ஊழியரும் ஆசிரியரும் 32 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த ஊழியர், ஆசிரியர் ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்; வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை ஆகாது என்று அந்த ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் கூறியது. பெரும்பாலோர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டாலும், அந்த நாட்களை எண்ணிச் சொல்லும் ஆசிரியர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆகஸ்டு முதல் நாள் எண்ணிக்கையை வைத்து உபரி கண்டு, 'பணிநிரவல்' என்ற பெயரில் இடம் மாற்றுகிறார்கள். 2019இல் பிள்ளைகள் அற்றுப்போன 46 பள்ளிகளை நூலகங்களாக மாற்ற அங்கே முடிவெடுத்தபோது, ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்துக் குரல் எழுப்பின. படிக்க ஆள் இல்லாத இடத்தில் புத்தகத்தை வைத்தால் படிக்க ஆள் வந்துவிடுமா என்று கேட்டவர்களும் உண்டு.

இத்தனை போராடியவர்களிடம் ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். சங்கங்களின் தீர்மானங்களைப் படித்துப் பாருங்கள். பணியிடம், ஊதியம், ஓய்வூதியம், பாதுகாப்பு என்பவை பெரிய எழுத்தில் இருக்கும். பிள்ளை சிறிய எழுத்தில் இருப்பான். சிறுபான்மை மொழியில் படிக்கும் பிள்ளையோ பெரும்பாலும் இருக்கவே மாட்டான். அது மட்டுமா? பதிவேட்டில் இல்லாத பிள்ளைகளை இருப்பதாகக் காட்டிப் பணியிடத்தைக் காத்த பள்ளிகளும் இருந்தன. அதனால்தான் ஆதார் எண்ணோடு சேர்த்து எண்ணும் முறை வந்தது. உதவி பெறும் பள்ளிகளில் வேலைக்கு நன்கொடை வாங்கும் வழக்கத்தையும் நாடறியும். இவற்றைச் சங்கங்கள் முன்நின்று கண்டித்திருந்தால், இன்று அவர்கள் கல்வி நிதி என்று பேசும்போது ஊரார் இன்னும் உரக்கக் கை தட்டுவார்கள்.

மக்கள் கை தட்டிய இடமும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. கோழிக்கோட்டு மலாப்பறம்பில் பழமையான ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. லாபமில்லாத பள்ளி என்று மேலாளர் அதை மூட முனைந்தார். 2014 ஏப்ரலில் ஓர் இரவில் கட்டடம் இடிக்கப்பட்டது. ஊரார் திரண்டு அதை மீண்டும் கட்டினார்கள். வழக்கு நடந்து, 2016இல் நீதிமன்ற ஆணைப்படி மூடும் நிலை வந்தபோது, அதையும் அதைப் போன்ற வேறு மூன்று பள்ளிகளையும் அரசே ஏற்பதாக அமைச்சரவை முடிவு செய்தது. பள்ளி ஊரின் சொத்து என்று ஊரார் நினைத்தால் சட்டமும் சற்று வளைந்து வழி விடுகிறது. நம் எல்லைப்புறத்துத் தமிழ்ப் பிரிவுகள் ஓசையின்றி மூடும்போது எத்தனை பேர் திரண்டோம்?

நிதிக்கு வருவோம். 1964-66இல் கோத்தாரி குழு நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் கொள்கையும் அதே ஆறையே திரும்பச் சொல்லிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்றால், அதை எட்டவில்லை என்றுதானே பொருள்? இதற்கிடையில் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் நடந்த இழுபறியையும் பார்த்தோம். பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்ற காரணத்தால் 2024-25ஆம் ஆண்டுக்குரிய கல்வி நிதியில் 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது என்று தமிழ்நாடு முறையிட்டு, 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் ஏறியது. கேரளமோ 2025 அக்டோபரில் அத்திட்டத்தில் கையெழுத்திட்டு, தோழமைக் கட்சியின் எதிர்ப்பால் அதே மாதத்தில் அதை நிறுத்தி வைத்தது. கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு வாதம். யானைகள் மோதும்போது புல் நசுங்குகிறது. சிறிய பள்ளியின் சிறிய பிரிவுதான் அந்தப் புல். நிதி முடங்கும்போது அதிகாரி முதலில் தேடுவது எங்கே வெட்டினால் கூச்சல் குறைவாக எழும் என்பதை. மலையாள நாட்டில் தமிழ்ப் பிள்ளைக்காகக் கூச்சலிட வாக்கு எத்தனை?

"எல்லை கூப்பிடு தூரந்தானே, தமிழ்நாட்டுக்குப் போய்ப் படிக்கட்டுமே" என்று சொல்பவர்களுக்கு ஒரு விடை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி மத்திய அரசு வகுத்த விதிகள், ஐந்தாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்கின்றன. சட்டம் கட்டடத்துக்குள்ள தூரத்தை அளக்கிறது; மொழிக்குள்ள தூரத்தை அளக்கவில்லை. பக்கத்துத் தெருவில் பள்ளி இருக்கிறது, ஆனால் அடுத்த தமிழ்ப் பிரிவு பல கல் தொலைவில் இருக்கிறது என்றால், ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பள்ளி இல்லாத ஊர்தான். அன்றியும், குடும்ப அட்டையும் குடியிருப்பும் கேரளத்தில் உள்ளவனை எல்லைக்கு அப்பால் அனுப்புவது கடமையைக் கைகழுவும் வழி.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்தையும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். குமரி மாவட்டத்தில் மலையாள வழியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2006இல் தமிழ்நாடு தமிழைக் கட்டாய பாடமாக்கியபோது மொழிச் சிறுபான்மையோர் நீதிமன்றம் சென்றார்கள். 2017இல் கேரளம் மலையாளத்தைக் கட்டாயமாக்கியபோது காசர்கோட்டுக் கன்னடியர் தெருவில் இறங்கினார்கள். நமக்கு ஒரு நீதி, அவர்களுக்கு ஒரு நீதி என்று கேட்டால் யார் செவி கொடுப்பார்? பாறசாலைத் தமிழ்ப் பிள்ளைக்கு நான் கேட்பது எதுவோ, அதையே குமரி மாவட்டத்து மலையாளப் பிள்ளைக்கும் கேட்கிறேன். மாநில மொழியைக் கற்பதில் நமக்குத் தடையில்லை. என் மலையாளம் என் தமிழுக்கு இளைத்தது அன்று. இரண்டாவது மொழி வீட்டுக்கு வரும்போது முதல் மொழியை வெளியே அனுப்ப வேண்டியதில்லை என்பதுதான் வாதம்.

கடல் கடந்த தமிழர் காட்டும் ஒரு வழியும் இருக்கிறது. மலாயா 1957இல் விடுதலை பெற்றபோது அங்கே 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட, மக்கள் நகரங்களுக்குப் பெயர, பள்ளிகள் தேய்ந்து இன்று ஏறத்தாழ 530 நிற்கின்றன. ஆயினும் பிள்ளைகள் வற்றிய தோட்டத்துப் பள்ளிகள் சிலவற்றை மூடிவிடாமல், அவற்றின் உரிமத்தையே தமிழர் பெருகிய நகர்ப்புறத்துக்கு மாற்றினார்கள். பள்ளி இடம் பெயர்ந்தது, இறக்கவில்லை. பிள்ளை எங்கே போகிறானோ அங்கே பள்ளி போயிற்று.

ஆகவே நான் வேண்டுவன நான்கு.

முதலாவது, சிறுபான்மை மொழிப் பிரிவை ஓர் ஆண்டின் ஒரு நாள் எண்ணிக்கையால் மூடக் கூடாது. மூன்று ஆண்டுச் சராசரியைப் பார்க்க வேண்டும். முன்னர் சொன்ன அதே 12 பேர் ஊரில், மூன்று ஆண்டுச் சராசரி பத்துக்குக் கீழே போகும் வாய்ப்பு 100க்கு 14 என்று குறைந்துவிடுகிறது. உண்மையில் தேய்கிற ஊரை அது மறைக்காது. தற்செயலாகச் சரிந்த ஊரைக் கைவிடாது. இதற்கு ஒரு காசு செலவில்லை.

இரண்டாவது, மொழிச் சிறுபான்மைப் பாதுகாப்புகளில் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ள முன்பதிவேட்டை உயிர்ப்பிக்க வேண்டும். தமிழ் வழி வேண்டும் என்று விரும்பும் பெற்றோரின் பெயரைப் பள்ளி திறக்கும் முன்பே எழுதிக்கொள்வது அது. ஒரு பள்ளியில் நால்வர், பக்கத்துப் பள்ளியில் ஐவர், அதற்கடுத்ததில் மூவர் என்றால், மூன்றையும் சேர்த்து ஒரு பிரிவாக்கும் ஏற்பாடும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, உபரியாகும் தமிழ் ஆசிரியரைத் தமிழ்ப் பிள்ளைகள் உள்ள பள்ளிகளுக்கே அனுப்ப வேண்டும். ஒரு பள்ளியில் போதிய பாடவேளை இல்லையெனில் இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் பகிர்ந்து போகச் செய்யலாம். சம்பளம் எப்படியும் தரப்படுகிறது, பாடமும் நடக்கட்டும்.

நான்காவது, ஆசிரியர் சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் பணியிடத்தோடு அதன் மொழியையும் எழுத வேண்டும். ஓர் ஆசிரியரின் வேலையை மட்டும் காத்தால் அது அவர் ஓய்வு பெறும் நாள்வரை நிற்கும். அவர் கற்பிக்கும் பிரிவையும் காத்தால் அவருக்குப் பின் ஒருவர் வருவார். சங்கத்துக்கும் இதில்தான் நீண்ட லாபம்.

நம் பங்கு என்ன? ஆண்டு விழாவில் தமிழ் வாழ்க என்று முழங்குகிறோம், முழங்கட்டும். ஆனால் ஏப்ரல், மே விடுமுறையில் நம்மில் முப்பது பேர், இருவர் இருவராகப் பிரிந்து, பாறசாலை தொடங்கி நெய்யாற்றின்கரை வரையில் வீடு வீடாகப் போனால் என்ன? தமிழ் பேசும் வீடுகளில் அடுத்த ஆண்டு பள்ளி சேரும் வயதில் யார் இருக்கிறார்கள், பெற்றோர் எந்த வழியில் சேர்க்க விரும்புகிறார்கள் என்று எழுதி, அந்தப் பட்டியலைத் தலைமையாசிரியரிடமும் உபமாவட்டக் கல்வி அதிகாரியிடமும் ஆசிரியர் சங்கத்தாரிடமும் கொடுத்தால் என்ன? சராசரியைப் பற்றி நான் தாளில் போட்ட கணக்குக்கு உயிர் கொடுப்பது அந்தப் பட்டியல்தான். பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்புவேன் என்று சொல்லும் தந்தையையும் சந்திப்போம். அவரை ஏசாமல் கேட்டுக்கொள்வோம். அவர் அஞ்சுவது தமிழை அன்று, நாளைக்குப் பிரிவு இருக்குமோ இராதோ என்பதை என்று நான் பலமுறை கண்டிருக்கிறேன். நிலையாக ஓர் ஆசிரியர் இருப்பார் என்று உறுதி சொல்ல முடிந்தால் அவர்களில் பலர் திரும்பி வருவார்கள்.

தமிழ் வழியில் பத்தாம் வகுப்புவரை படித்த நான் இன்று பௌதிகத்தில் முதுகலை பயில்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் படித்த ஆண்டுகளில் என் வகுப்பு எண்ணிக்கை எப்படியோ வரம்புக்கு மேலே நின்றது. என் தம்பியின் வகுப்பு நிற்கவில்லை. எங்கள் இருவருக்கும் இடையே அறிவில் வேறுபாடு இல்லை, உழைப்பில் வேறுபாடு இல்லை. ஓர் உறவினர் வீட்டுத் திருமணத் தேதிதான் வேறுபாடு. ஒரு பிள்ளையின் மொழியை அவ்வளவு மெல்லிய நூலில் தொங்கவிடும் விதியை மாற்றக் கேட்பது பேராசை ஆகாது. சங்கத்துச் செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே இந்தக் கணக்கெடுப்பைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் போதும். நடந்து போக முப்பது பேர் வேண்டும்.